சான்றுசார் மருத்துவம்: கீழாநெல்லி ஆய்வுகள் வழியாக ஓர் அறிமுகம்

சான்றுசார் மருத்துவம் என்பது, ஒரு நோயாளியின் சிகிச்சை குறித்து எழும் வினாவுக்கு, அதுவரை நடந்த ஆய்வுகளைத் தேடி எடுத்து, அவற்றின் தரத்தை எடைபோட்டு, அந்த நோயாளிக்குப் பொருத்தி விடை காணும் முறையாகும். இந்தப் பெயர் 1990களின் தொடக்கத்தில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கார்டன் கயாட் முதலானவர்களால் வழக்கிற்கு வந்தது. அவர்களுடைய முன்னோடியான டேவிட் சாக்கெட் 1996-இல் எழுதிய விளக்கத்தின்படி, ஆய்வுச் சான்று, மருத்துவரின் அனுபவம், நோயாளியின் விருப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

இம்முறையை விளக்க ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை பின்தொடர்வது எளிது. தமிழ்நாட்டில் அதற்குக் கீழாநெல்லியைப் போலப் பொருத்தமானது வேறில்லை. எங்கள் அடி அண்ணாமலைப் பக்கம் மழைக்குப் பின் வரப்பிலும் வீட்டுக் கொல்லையிலும் தானே முளைக்கும் செடி இது. கண் மஞ்சளாகத் தெரிந்தவுடன் இதை வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பது இன்றும் நடக்கிறது. சித்த மருத்துவத்தில் காமாலைக்குச் சொல்லப்படும் மூலிகை இது. இதே செடியின் பெயரில் சென்னையில் நடந்த ஆய்வு ஒன்று 1988-இல் உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. அதன்பின் பல நாடுகளில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆகவே ஒரு வினா எப்படிப் பிறக்கிறது, எப்படித் திரிகிறது, விடை எப்படி மாறுகிறது என்பதையெல்லாம் இந்த ஒரு செடியை வைத்தே கற்கலாம்.

வினாவை அமைத்தல்

"மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கேட்குமா?" இப்படித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்த வினாவுக்கு எந்த நூலகத்திலும் விடை கிடைக்காது. ஏனெனில் காமாலை என்பது ஒரு நோயின் பெயரன்று, ஓர் அறிகுறி. இரத்தத்தில் பிலிருபின் என்ற நிறமி கூடினால் கண்ணும் தோலும் மஞ்சளாகும். அது கூடுவதற்குக் காரணங்கள் பல. அசுத்தமான தண்ணீரால், உணவால் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ வைரஸ்கள், இரத்தத்தின் வழியாகவும் தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும் பி வைரஸ், மது, சில மாத்திரைகள், பித்தக் குழாயை அடைக்கும் கல் அல்லது கட்டி, பிறந்த குழந்தைக்கு வரும் காமாலை என்று நீண்டுகொண்டே போகும். பித்தக் குழாயில் கல் அடைத்திருப்பவருக்கும், ஓடைத் தண்ணீர் குடித்து ஹெபடைட்டிஸ் ஏ வந்த சிறுவனுக்கும் ஒரே விடை இருக்க முடியாது.

அதனால் சான்றுசார் மருத்துவத்தில் வினாவை நான்கு உறுப்புகளாகப் பிரித்து எழுதச் சொல்வார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதைப் 'பைக்கோ' என்பர். நோயாளி யார், என்ன சிகிச்சை, எதனோடு ஒப்பிடுகிறோம், என்ன பலனை அளக்கிறோம் என்பனவே அந்த நான்கு. நமது வினாவை இப்படி மாற்றி எழுதலாம்: ஹெபடைட்டிஸ் பி வைரஸை நீண்ட நாளாக உடலில் தாங்கியிருக்கும் பெரியவர்களுக்கு, கீழாநெல்லிப் பொடி கொடுத்தால், மருந்துப்போலி கொடுப்பதைவிட, இரத்தத்திலிருந்து வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜன் மறைகிறதா?

நீளமாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இதைத்தான் சோதிக்க முடியும். தேர்வில் வினாவைப் பாதி படித்துவிட்டுத் தெரிந்த விடையை எழுதிவைக்கும் மாணவனை எல்லா ஆசிரியர்களும் பார்த்திருப்பார்கள். விடை சரியாகவே இருக்கும். அந்த வினாவுக்கு உரியதாக இருக்காது. கீழாநெல்லி பற்றிய பேச்சில் பெரும் குழப்பம் இந்த இடத்தில்தான் நேர்ந்தது. அதைப் பின்னர் காண்போம்.

'எனக்குக் குணமானதே' என்னும் வாதம்

கீழாநெல்லி குடித்துத் தேறியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ ஆகியவற்றால் வரும் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தெளிந்துவிடும். பெரியவர் ஒருவருக்குப் புதிதாக ஹெபடைட்டிஸ் பி தொற்றினாலும், ஏறத்தாழ 100-க்கு 95 பேரின் உடல் சில மாதங்களில் அதை வென்றுவிடும். இந்தச் சில வாரங்களுக்குள் எதைக் கொடுத்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். உப்பு, எண்ணெய் நீக்கிய பத்தியத்துக்கும் போகும். மந்திரித்துக் கட்டிய கயிற்றுக்கும் போகும். ஆங்கில மருந்துக்கடையில் வாங்கிய கல்லீரல் டானிக்குக்கும் போகும்.

ஆகவே மருந்து உண்டவர்களை மட்டும் பார்த்தால் போதாது. அதே நிலையில் இருந்து, மருந்து உண்ணாதவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதும் தெரிய வேண்டும். இரண்டு குழுக்களும் மருந்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அதற்கு வழி, யார் எந்தக் குழு என்பதை மருத்துவரோ நோயாளியோ தீர்மானிக்காமல் சீட்டுப் போடுவதுபோலத் தற்செயலிடம் விட்டுவிடுவது. இதைச் சமவாய்ப்பு முறை என்கிறோம்.

இந்த முறை வெளிநாட்டிலிருந்து அண்மையில் வந்திறங்கியது என்று எண்ண வேண்டாம். 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுவே. காசநோயாளிக்குக் காற்றோட்டமான சானடோரியம், நல்ல உணவு, படுக்கை ஓய்வு ஆகியவை கட்டாயம் என்று உலகம் முழுவதும் மருத்துவர்கள் நம்பிய காலம் அது. நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களைச் சென்னையின் நெருக்கடியான வீடுகளிலேயே விட்டார்கள். இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். முடிவு 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயிற்று. அரைவயிற்று உணவோடு வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறியிருந்தார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. சானடோரியத்தில் இடம் கிடைக்காமல் காத்திருந்த ஏழை நோயாளிகளுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று நினைத்துப் பாருங்கள். பெரிய மருத்துவர்கள் பலரின் பல்லாண்டு அனுபவத்தை ஒரே ஓர் ஒழுங்கான ஒப்பீடு மாற்றியது.

1988: சென்னை ஆய்வு

இனி கீழாநெல்லிக்கு வருவோம். ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்றவர் பரூக் புளும்பெர்க். தமிழகத்தில் காமாலைக்குப் பயன்படும் செடி ஒன்று இருப்பது அவருடைய குழுவின் கவனத்துக்கு வந்தது. 1987-இல் அவரும் வெங்கடேஸ்வரன் முதலானோரும், செடியின் சாறு சோதனைக் குழாயில் வைரஸின் நொதி ஒன்றைத் தடுப்பதையும், மர்மாட் வகைக் கொறிவிலங்குகளில் அதையொத்த வைரஸைக் குறைப்பதையும் வெளியிட்டனர். அடுத்து மனிதர்களிடம் சோதிக்க வேண்டும். அதைச் சென்னையில் செய்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன். இவர் பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

ஹெபடைட்டிஸ் பி தாங்கிகளுக்குச் செடி முழுவதையும் உலர்த்திப் பொடித்து, 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு 3 வேளை, 30 நாட்கள் கொடுத்தார்கள். மற்றொரு குழுவுக்கு மருந்துப்போலி. சிகிச்சை முடிந்து 15 முதல் 20 நாட்களுக்குள் இரத்தம் சோதிக்கப்பட்டது. கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு, அதாவது 59 விழுக்காட்டினருக்கு, மேற்பரப்பு ஆன்டிஜன் மறைந்திருந்தது. மருந்துப்போலி உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்திருந்தது. இது 1988 அக்டோபரில் 'லான்செட்' இதழில் வந்தது.

இதன் அருமை புரிய வேண்டுமானால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். நீண்டகாலத் தாங்கிகளிடம் இந்த ஆன்டிஜன் தானாக மறைவது ஆண்டுக்கு 100-க்கு ஒருவர் என்ற அளவில்தான். ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் மறைந்தது என்றால் உலகம் திரும்பிப் பார்க்காதா? பார்த்தது.

ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையில் இதை ஒரு தொடக்க நிலை ஆய்வு என்றே குறிப்பிட்டு, தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்த அடக்கம் பிறகு வந்த விளம்பரங்களில் இல்லை. 'காமாலைக்குக் கீழாநெல்லி: விஞ்ஞானம் நிரூபித்தது' என்று செய்தி சுருங்கிவிட்டது. மேலே எழுதிய நான்கு உறுப்பு வினாவை இங்கே மறுபடி பாருங்கள். ஆய்வில் பங்கேற்றவர்கள் வைரஸ் தாங்கிகள். தாங்கிகளில் பெரும்பாலானவர்களுக்குக் கண் மஞ்சளாகவே இருக்காது. இரத்த தானத்தின்போதோ கர்ப்பகாலப் பரிசோதனையிலோதான் தொற்று இருப்பதே தெரியவரும். அளந்த பலனும் மஞ்சள் இறங்குவதன்று. ஒரு வினாவுக்குக் கிடைத்த விடையை வேறொரு வினாவின் கீழே எழுதிவிட்டார்கள்.

வாசிக்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஒரு பக்கம் 37 பேர், எதிர்ப்பக்கம் 23 பேர். கடைசிச் சோதனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை இப்படி வேறுபட்டால், இடையில் நின்றவர்கள் எத்தனை பேர், ஏன் நின்றார்கள் என்று கேட்கத் தோன்ற வேண்டும். தேறாதவர்கள் ஒரு குழுவிலிருந்து அதிகமாக விலகிவிட்டால் எஞ்சியவர்களின் விழுக்காடு தானே உயர்ந்துவிடும். பத்தாம் வகுப்பில் தோற்றுவிடுவார்கள் என்று கருதும் பிள்ளைகளை ஒன்பதிலேயே நிறுத்திவிட்டு நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டும் கணக்கு நமக்குத் தெரியாததல்ல.

பிறகு நடந்தவை

தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். 1990-இல் அதே லான்செட்டில், தாங்கிகளிடம் ஆன்டிஜன் மறையவில்லை என்று எழுதினார்கள். நெதர்லாந்தில் 1991-இலும் நியூசிலாந்தில் 1994-இலும் வந்த முடிவுகள் அப்படியே. நம் மண்ணில் வளர்ந்த செடிக்குத்தான் அந்த வீரியம், வெளிநாட்டுச் செடிக்கு இல்லை என்று வாதிட இடமுண்டு. மண், பருவம், பறிக்கும் காலம் ஆகியவற்றைச் சித்த மருத்துவமே முக்கியமாகக் கருதுகிறது. ஆனால் 1994-இல் இந்தியாவிலேயே நடந்து வெளிவந்த ஆய்வும் ஆன்டிஜனை நீக்க முடியவில்லை என்றே சொன்னது. கண் மஞ்சளாகி வந்த திடீர்க் கல்லீரல் அழற்சி நோயாளிகளிடம், அதாவது மக்கள் உண்மையில் கேட்கும் வினாவுக்கு அருகில், கேரளத்தில் ஓர் ஆய்வு நடந்து 1999-இல் வெளியாயிற்று. மருந்துப்போலி உண்டவர்களைவிடக் கீழாநெல்லி உண்டவர்களுக்குக் காமாலை குறிப்பிடத்தக்க அளவு சீக்கிரம் தெளியவில்லை.

செடியின் அடையாளமும் ஒரு சிக்கல். கீழாநெல்லி என்ற பெயரில் பறிக்கப்படுவது ஒரே இனம் அல்ல. பில்லாந்தஸ் அமாரஸ் ஒன்று. தண்டு சிவந்த பில்லாந்தஸ் யூரினாரியா மற்றொன்று. இன்னும் சில உறவுச் செடிகளும் உண்டு. பழைய இந்திய நூல்களில் பில்லாந்தஸ் நிரூரி என்று எழுதப்பட்டதில் பெரும்பகுதி உண்மையில் அமாரஸ். நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. பெயர் ஒன்று, பொருள் பல என்றால் ஆய்வுகளை ஒப்பிடுவது கடினம்.

இப்படிப் பல ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் திரட்டி, முன்கூட்டியே வகுத்த விதிப்படி தரம்பிரித்து எழுதப்படுவது முறைசார் மீளாய்வு எனப்படும். ஆர்ச்சி காக்ரேன் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் பெயரால் 1993-இல் தொடங்கப்பட்ட காக்ரேன் அமைப்பு இத்தகைய மீளாய்வுகளுக்குப் பெயர்பெற்றது. கீழாநெல்லி இனங்கள் குறித்து 2001-இல் வந்த ஒரு மீளாய்வு, பலன் இருக்கலாம் என்ற பக்கம் சாய்ந்தது. ஆனால் உள்ளடங்கிய ஆய்வுகள் பலவும் தரம் குறைந்தவை என்றும் எச்சரித்தது. 2011-இல் வந்த காக்ரேன் மீளாய்வு 16 ஆய்வுகளையும் 1,326 நோயாளிகளையும் எடுத்துக்கொண்டது. அவற்றில் மருந்துப்போலியோடு நேராக ஒப்பிட்டது ஒன்றே ஒன்று, அதில் 42 பேர், வேறுபாடு தென்படவில்லை. மற்ற 15-இலும் வைரஸ் மருந்தோடு கீழாநெல்லி இனத்தைச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அவற்றில் சில நல்ல அறிகுறிகள் தெரிந்தாலும், ஆய்வுகள் செய்யப்பட்ட விதம் நம்பிக்கை தருவதாக இல்லை. மருந்துப்போலியைவிடக் கீழாநெல்லி மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பது மீளாய்வாளர்களின் முடிவு.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். 'பலன் இருப்பதற்குச் சான்று இல்லை' என்பதும் 'பலன் இல்லை என்பதற்குச் சான்று உண்டு' என்பதும் ஒன்றல்ல. கீழாநெல்லி பயனற்ற களை என்று இந்த மீளாய்வைக் காட்டி எழுதுபவர்கள், முன்னர் விளம்பரம் எழுதியவர்கள் செய்த அதே பிழையை எதிர்த்திசையில் செய்கிறார்கள்.

எங்கே, எப்படித் தேடுவது

மாணவர்கள் இந்தக் கட்டுரைகளைத் தாங்களே தேடிப் பார்க்கலாம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் தளம் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. கட்டுரைகளின் சுருக்கத்தையாவது அதில் படித்துவிடலாம். காக்ரேன் நூலகத்தில் மீளாய்வுகளின் எளிய நடைச் சுருக்கங்கள் எல்லோருக்கும் கிடைக்கும். அவற்றில் சில தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சந்தா செலுத்தியதால் 2007-இல் காக்ரேன் நூலகம் முழுவதும் இந்திய வாசகர்களுக்குத் திறந்தது. எங்கள் மாவட்டத்தை அடுத்த வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், பேராசிரியர் பிரதாப் தரியன் தலைமையில் தெற்காசிய காக்ரேன் மையம் செயல்பட்டது. அதே 2007-இல் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடும் தொடங்கிற்று. எந்த ஆய்வு தொடங்கப்பட்டது, எது முடிவு வெளியிடப்படாமலே நின்றுவிட்டது என்பதை அதில் பார்க்கலாம். நல்ல முடிவு வந்த ஆய்வு அச்சேறுவதும் வராதது மேசையறையில் தூங்குவதும் மருத்துவத்தின் பழைய நோய்.

தேடுவதற்கு ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். கீழாநெல்லி என்ற ஊர்ப்பெயரை இட்டால் மிகச் சிலவே வரும். அமாரஸ், நிரூரி என்ற இரு தாவரவியல் பெயர்களையும் இட வேண்டும். அவற்றோடு நோயின் பெயர், அதன் பிறகு 'ரேண்டமைஸ்டு' என்ற சொல். மீளாய்வு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். பொதுத் தேடுபொறியில் 'கீழாநெல்லி நன்மைகள்' என்று கேட்டால் நன்மைகள் மட்டுமே வரும். கேட்டதைத்தானே அது கொடுக்கும்.

கிடைத்த சான்றைப் பயன்படுத்துதல்

தேடி முடித்தபின் மீண்டும் நோயாளியிடம் வர வேண்டும். இரத்தப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் பி இருப்பதாகத் தெரிந்த 35 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காமாலை இல்லை, வேலைக்குப் போய்வருகிறார், கீழாநெல்லி போதும் என்கிறார். அவருக்கு மேலே கண்ட சான்று நேராகப் பொருந்துகிறது. கீழாநெல்லியை நம்பி அவர் பரிசோதனைக்கு வராமல் இருந்தால், வைரஸ் சத்தமின்றிக் கல்லீரலைச் சுருங்கச் செய்யலாம், புற்றுநோயும் வரலாம். டெனோபோவிர், என்டெகாவிர் போன்ற மருந்துகள் வைரஸை அடக்கிவைப்பதற்கு வலுவான சான்று உண்டு. எல்லாத் தாங்கிகளுக்கும் உடனே மருந்து தேவைப்படுவதில்லை. வைரஸின் அளவையும் கல்லீரலின் நிலையையும் பார்த்து மருத்துவர் சொல்வார். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இதற்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம். செடியின் மேல் அவருக்குள்ள நம்பிக்கையைக் கேலி செய்தால் அடுத்த முறை அவர் வரமாட்டார். உண்பதாக இருந்தால் சொல்லிவிட்டு உண்ணுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வாருங்கள் என்று பேசுகிற மருத்துவர், சாக்கெட் சொன்ன மூன்றாவது உறுப்பை மறக்காதவர்.

கர்ப்பிணி ஒருவருக்குக் கண் மஞ்சளாகிறது என்றால் கதை வேறு. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஹெபடைட்டிஸ் ஈ வந்தால் 100-க்கு 20 முதல் 25 பேர் வரை இறக்க நேரிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மோரில் அரைத்துக் குடித்துவிட்டு ஒரு வாரம் பார்க்கலாம் என்று காத்திருக்க அங்கே நேரமில்லை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். முதலில் தேவைப்படுவது ஸ்கேன். காமாலையோடு தூக்கக் கலக்கமோ, பேச்சுத் தடுமாற்றமோ, ஈறில் இரத்தக் கசிவோ தெரிந்தால் கல்லீரல் செயலிழக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். பிறந்த குழந்தைக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும் அவசரமே.

ஹெபடைட்டிஸ் பி உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தையைப் பற்றிய வினாவுக்கு மட்டும் விடை மிகத் தெளிவாக இருக்கிறது. பிறக்கும்போது தொற்று ஏற்பட்டால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நீண்டகாலத் தொற்றாக நிலைத்துவிடுகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போட்டு, பின்னர் வரும் தவணைகளையும் முடித்தால் பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்றிவிடலாம். இந்தப் பிறப்புத் தவணை அரசின் தடுப்பூசி அட்டவணையில் இருக்கிறது. வீட்டுக்குப் போய் நல்ல நாள் பார்த்துப் போட்டுக்கொள்கிறோம் என்று சொல்லும் குடும்பங்களுக்கு, அந்த முதல் நாள் ஏன் முக்கியம் என்பதைப் பிரசவத்துக்கு முன்பே விளக்கிச் சொல்லிவிட வேண்டும்.